வெட்டி வைத்த மூச்சு

என் மகன் இறந்த பிறகுதான் அதிகம் பேச ஆரம்பித்தான். உயிரோடு இருந்தவரை வீட்டில் அவன் வாய் திறப்பதே அபூர்வம். இப்போது சலூனில் பேசுகிறான், பேருந்தில் பேசுகிறான், மருந்துக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவனின் சட்டைப் பையிலிருந்து பேசுகிறான். "கேளு கேளு" என்ற அவனுடைய ராப் பாட்டு ஒலிக்காத தெரு எங்கள் ஊரில் இல்லை. அவன் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அந்தப் பாட்டின் பெருமை அதன் வேகம். தொடக்கத்தில் நிதானமாகத்தான் நடக்கும். பிறகு ஓடும். கடைசிப் பகுதியில் தரையில் கடுகைக் கொட்டியது போலச் சொற்கள் சிதறும். ஒரு சொல் காதில் ஏறுவதற்குள் அடுத்த நாலு சொல் கடந்து போயிருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் வட்டமாக நின்று கூடவே சொல்லிப் பார்ப்பார்கள். பாதியில் நாக்கு பிசகிச் சிரிப்பார்கள். இத்தனையையும் ஒரே குரல், ஒரே மூச்சில் சொன்னதாகப் பாட்டை வெளியிட்ட நிறுவனம் விளம்பரம் செய்தது. அதற்காக அவனுக்கு ஒரு பட்டம் தரப்போவதாகவும், தகப்பன் என்ற முறையில் நான் மேடையேறி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் அழைப்பு வந்தது. போவதாக ஒப்புக்கொண்டேன். வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு வைக்கச் சொன்னேன்.

அந்த நாக்கு அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் தலைமுறையாக ஏலம் கூறும் குடும்பம். யாராவது இறந்தோ ஊர் மாறியோ காலியாகும் வீடுகளின் சாமான்கள் எங்கள் ஏலக் கூடத்துக்கு வரும். கட்டில், பீரோ, தையல் இயந்திரம், நின்றுபோன கடிகாரம், யார் என்று இனி யாருக்கும் தெரியாத கல்யாணப் படம். மேடையில் நின்று வேகமாகக் கூற வேண்டும். நிறுத்தினால் கேட்பவன் யோசிக்க ஆரம்பித்துவிடுவான்.

எங்கள் கூடத்துக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. பொருளின் குறையை முதலில் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் விலை கேட்போம். கூட்டத்துக்குள் நம் ஆள் ஒருவனை நிறுத்தி விலை ஏற்றிவிட மாட்டோம். அப்படிச் செய்வதைக் கள்ளக் குரல் என்போம். ஊரில் வேறு கூடங்களும் இருக்கின்றன. அவர்கள் கதையை நான் பேசுவதில்லை. எங்கள் வாசலில் அது நடந்ததில்லை.

வேலை முறை ஒன்றும் உண்டு. பெரிய வீடு ஒன்று மொத்தமாக வந்துவிட்டால் ஒருவர் தொண்டை தாங்காது. அப்போது மேடையில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். முதலாமவர் கூறும்போது இரண்டாமவர் மூச்சை நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டு தயாராக நிற்க வேண்டும். முதலாமவர் அவருடைய முழங்கையைத் தொடுவார். தொட்ட கணத்தில் குரல் கைமாறும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரே ஆள் கூறுவது போல் இருக்கும். என் மகனும் மகளும் அந்த மேடையில் இப்படித்தான் நின்றார்கள். அவன் பாட்டு என்று போன பிறகு அவள் தனியாகக் கூறிவந்தாள்.

விழா அழைப்பு வந்த வாரத்தில் ஒரு நாள் ஒரு பீரோ மேடைக்கு வந்தது. சாமான் தூக்கும் எங்கள் ஆள் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். அவன் மெதுவாகப் பேசினாலே தெருக்கோடி திரும்பிப் பார்க்கும் என்பதால் அவனை எல்லோரும் பீரங்கி என்பார்கள்.

"கண்ணாடியில கீறல் இருக்கு, வலது கதவு தொங்குது, மத்தபடி நல்ல பீரோ," என்று ஆரம்பித்தாள் என் மகள். "உள்ளே இடம் தாராளம். மாமியார் வர்றாங்கன்னா நீங்களே ஒளிஞ்சுக்கலாம்!"

"நான்தாம்மா மாமியார்," என்றாள் பழைய சாமான் கடைக்கார அம்மா. "என் மருமக உள்ளே ஒளிஞ்சா நானே வெளியே பூட்டிடுவேன். விலையைச் சொல்லு!"

கூட்டம் சிரித்தது. விலை மளமளவென்று ஏறியது. அந்த நேரம் பக்கத்துத் தேநீர்க் கடையில் யாரோ பாட்டைப் போட்டார்கள்.

மகள் நின்றுவிட்டாள். சுத்தியலைத் தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. உதடுகள் ஒலியில்லாமல் அசைந்தன, பிறகு இறுக மூடின, மீண்டும் அசைந்தன. முகம் சிவந்து, பிறகு கறுத்தது. நான் நாற்காலியைவிட்டு எழுவதற்குள் பீரோவின் மேல் சாய்ந்து அப்படியே கீழே சரிந்தாள்.

"தண்ணி! தண்ணி!" என்று பீரங்கி அலறினான்.

"காலையில சாப்பிடாம வந்திருக்கும் பொண்ணு," என்றார் ஒருவர்.

"சுத்தியல் விழலயே," என்றாள் கடைக்கார அம்மா. "அப்ப பீரோ யாருக்கு?"

கூடத்தைப் பூட்டச் சொன்னேன். எங்கள் கூடம் பாதி வேலையில் பூட்டப்பட்டது அதுவே முதல் முறை.

மருத்துவர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, "உடம்புல ஒண்ணும் இல்லையே. மூச்சை அடக்கிப் பழகுறாங்களா? நீச்சல் ஏதாவது?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது.

வீட்டில் என் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பாட்டைக் கேட்டா எனக்குந்தான் நெஞ்சு அடைக்குது. பெத்தவ நான், நானே விழல. இவ ஏன் விழணும்? நீங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே, என்னன்னு கேளுங்க அவளை."

கேட்பதற்கு முன் பார்ப்பது என் வழக்கம். மறுநாள் மாலை மகள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாடி வீட்டில் துணி உலர்த்தும் பெண் கைப்பேசியில் அதே பாட்டைப் போட்டாள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஓரமாகப் பார்த்தேன்.

மகளின் கை நின்றது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். விடவில்லை. பாட்டு ஓடியது. திடீரென்று உதடு அசைந்தது. சில வரிகள், பாட்டோடு துளியும் பிசகாமல். பிறகு உதடு மூடியது. மறுபடி இழுத்தாள், பிடித்துக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. முழங்கை, யாரோ தொடுவதற்காகக் காத்திருப்பது போல, உடம்பிலிருந்து சற்று விலகி நின்றது.

துக்கத்தில் புலம்பும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். இது அதுவல்ல. இதில் ஓர் ஒழுங்கு இருந்தது. மேடையில் இரண்டாவது ஆளாக நிற்கும் ஒழுங்கு.

நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். பாட்டு மெலிந்தது. அவள் மூச்சை விட்டாள்.

"எது அவன், எது நீ?" என்றேன்.

"என்னப்பா?"

"பாட்டுல. எந்தெந்த இடம் உன்னுது?"

மடித்த துணியை மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள். "உங்களுக்கு யாருப்பா சொன்னது?"

"மேடையில நிக்கிறவளை எனக்குத் தெரியாதா?"

அடுக்களையிலிருந்து என் மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள். மகள் எங்கள் இருவரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"முதல்ல கொஞ்சம்தான்பா. அண்ணனுக்கு இருமல் வர்ற இடத்துல மட்டும் நான் சொல்லிக் குடுத்தேன். அப்புறம் அவனால ஒரு வரியை முழுசா முடிக்க முடியல. நெஞ்சுல நோவு ரொம்ப நாளா இருந்திருக்கு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். வேகமாப் போனா எங்க ரெண்டு பேரு குரலும் ஒண்ணுதான். ஒலிப்பதிவு செய்யறவர் என் குரலைக் கொஞ்சம் கனமாக்கினார். எங்களுக்கே எது யாருன்னு குழம்பும்."

"கடைசிப் பகுதி?"

அவள் மடித்த துணியை அடுக்கின் மேல் வைத்து நீவினாள்.

"கேக்குறாரில்ல, சொல்லேன்டி," என்றாள் என் மனைவி.

"அது முழுக்க நான். அவன் போனதுக்கு அப்புறம் சொன்னது."

ஊரே வாய் பிளந்து கேட்கும் அந்தப் பகுதியில் என் மகன் இல்லை. சலூனிலும் பேருந்திலும் அவன் என்று நான் தலை நிமிர்ந்து கேட்ட குரல், எனக்குக் காலையில் தேநீர் கொண்டுவந்து வைக்கும் குரல்.

"அதுக்கு ஏன்மா மூச்சைப் பிடிக்கிறே?"

"அவன் என் முழங்கையைத் தொடலப்பா." அவள் குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது. "பதிவு செய்யறப்பவும் தொட்டுத்தான் குடுப்பான். கடைசித் துண்டுக்குத் தொட ஆள் இல்ல. நானா ஆரம்பிச்சுட்டேன். அவன் இன்னும் என்கிட்ட விடல. சொல்லிக்கிட்டே இருக்கான். நீங்களே கேட்டுப் பாருங்க, அந்தப் பாட்டுல எங்கேயாவது மூச்சு வாங்குறானா? அவன் வாங்காம நான் எப்படிப்பா வாங்குறது?"

சாத்திய ஜன்னலின் வழியே பாட்டு இன்னும் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் நாங்கள் மூவர்தான் இருக்கிறோம் என்பதை எனக்கு நானே ஒருமுறை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

"நான் அந்த விழாவுக்குப் போய் உள்ளதைச் சொல்லப் போறேன்," என்றேன். "ஒற்றைக் குரலுக்குன்னு பட்டம் தர்றாங்க. உள்ளே ஆள் வெச்சுக்கிட்டு அதை நான் வாங்க முடியாது."

"அப்பா, வேண்டாம்பா! அவன்கிட்ட இப்ப இருக்கிறது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் பிடுங்கிடாதீங்க."

"செத்தவனுக்குப் பட்டம் எதுக்குடி?" என்றாள் என் மனைவி. அழுதுகொண்டேதான் சொன்னாள். "இருக்கிறவ மூச்சு விட்டாப் போதும் எனக்கு."

குறையை முதலில் சொல்ல வேண்டும் என்பதால் மூடிய பெட்டியை நாங்கள் ஏலத்தில் கூறுவதில்லை. திறந்து பார்த்த பிறகுதான் கூறுவோம். அதனால் மறுநாள் காலை மகளை அழைத்துக்கொண்டு பாட்டைப் பதிவு செய்த இடத்துக்குப் போனேன்.

டயர் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, தரையெல்லாம் கம்பளம். கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் கத்தரித்தது போல் நின்றது. என் காதுக்குள் என் ரத்தம் ஓடுவது கேட்டது. ஒலிப்பதிவாளர் ஒல்லியான ஆள். காதொலிப்பானைக் கழுத்தில் மாலை போல் போட்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றவர் உட்காரவேயில்லை.

"ஐயா, தம்பி கேட்டுக்கிட்டதைத்தான் நான் செஞ்சேன்..."

"உங்களைக் குற்றம் சொல்ல வரல. பாட்டுல மூச்சே இல்லையே, ஏன்?"

"வேகப்பாட்டுல மூச்சை வெட்டிடுவோம் ஐயா. எல்லாரும் செய்யறதுதான். நடுவுல மூச்சு கேட்டா வேகம் குறைஞ்ச மாதிரி இருக்கும்."

"வெட்டினதை எங்கே போட்டீங்க?"

"தூக்கிப் போடல. எனக்கு எதையும் அழிச்சுப் பழக்கமில்ல. மூச்சை எல்லாம் சேர்த்துத் தனியா வெச்சிருக்கேன்."

"போடுங்க."

"பாட்டோட சேர்த்தா ஐயா?"

"மூச்சை மட்டும்."

அவர் என் மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

நான் வாழ்நாளில் எத்தனையோ இறந்தவர்களின் பொருள்களைத் தொட்டிருக்கிறேன். அவர்கள் சட்டை, அவர்கள் சீப்பு, அவர்கள் பல்செட்டுகூட. அந்த அறையில் கேட்டது போன்ற ஒன்றை நான் தொட்டதில்லை. சொல் இல்லை, தாளம் இல்லை. இழுப்பு, இடைவெளி, இழுப்பு. என் மகன் அங்கே நின்று மூச்சு வாங்கினான்.

"இது நான்," என்றாள் மகள் மெல்ல. "இது அண்ணன். இது அண்ணன். இது நான்."

அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. சிறுவயதில் கூடத்தில் ஒரு பீரோக் கதவு அவன் மூக்கில் இடித்து எலும்பு கோணிப்போனது. அன்றிலிருந்து அவன் மூச்சு இழுத்தால் முடிவில் ஒரு சின்னச் சீழ்க்கை கேட்கும். தூங்கும்போதும் கேட்கும். அந்தச் சீழ்க்கை ஒவ்வொரு இழுப்பிலும் வந்தது. போகப் போக இழுப்பு குறுகியது. அவசரம் கூடியது. குடத்தில் தண்ணீர் தீர்ந்த பிறகும் கவிழ்த்துப் பார்ப்பது போல இருந்தது. என்னிடம் சொல்லாமல் அவன் மறைத்த நோவு முழுவதும் அதில் இருந்தது. பிறகு சீழ்க்கை நின்றது.

"இங்கிருந்து கடைசிப் பகுதி ஐயா," என்றார் ஒலிப்பதிவாளர். "தங்கச்சி மட்டும்."

அவள் மூச்சுகள் வந்தன. சுத்தமானவை, நீளமானவை. ஒன்று. மற்றொன்று. அப்புறம் ஓர் இழுப்பு வந்தது, நிதானமாக, நெஞ்சு நிறைய. அதன் முடிவில் சீழ்க்கை கேட்டது.

ஒலிப்பதிவாளரின் கை விசைப்பலகை மேல் உறைந்தது.

"மறுபடி போடுங்கண்ணே," என்றாள் மகள்.

போட்டார். அதே இழுப்பு. அவசரம் இல்லாத, நோவு இல்லாத மூச்சு. சத்தியமாக என் மகனுடையது.

அவர் என் பக்கம் குனிந்து, அவளுக்குக் கேட்காதபடி சொன்னார்: "ஐயா, பழைய துண்டு ஏதாவது கை தவறி இங்கே விழுந்திருக்கும். எப்பப் பதிவானதுன்னு கணினியில பார்த்தா தெரிஞ்சுடும். பார்க்கட்டுமா?"

பாருங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் மகள் பக்கம் கண் போனது. அவள் தன் முழங்கையைத் தன் மற்றொரு கையால் பொத்திப் பிடித்திருந்தாள். வாய் திறந்திருந்தது. தண்ணீருக்கடியிலிருந்து எழுந்து வந்தவளைப் போல மூச்சை இழுத்தாள், விட்டாள். திரும்ப இழுத்தாள், விட்டாள்.

"அவளைக் கேளுங்க," என்றேன். "துண்டு அவளோடது."

அவர் அவளிடம் கேட்டார். அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பார்க்க வேண்டாம்ணே," என்றாள். "எல்லா மூச்சையும் அந்தந்த இடத்துல திரும்ப வெச்சுடுங்க. இதையும் இருக்கிற இடத்துலயே வைங்க."

"பாட்டு நீண்டுடும்மா. வேகமும் போயிடும், பட்டமும் போயிடும்."

"போகட்டும். ரெண்டு பேரு சொன்னதுன்னு போட்டு வெளியிடுங்க." பிறகு என்னிடம் திரும்பினாள். "விழாவுல நீங்க பேச வேண்டாம்பா. நான் சொல்றேன்."

"அவ்வளவு கூட்டத்துல நீயா?"

"நம்ம வீட்டுல இப்பக் கூறுறது நான்தானே?"

படியிறங்கும்போது அவள் எனக்கு முன்னால் போனாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

விழா மேடையில் அவள் குறையை முதலில் சொன்னாள், எங்கள் வழக்கப்படி. அண்ணனின் நோவை, தன் பங்கை, கடைசிப் பகுதியை, வெட்டிய மூச்சை. அரங்கில் சிலர் கைதட்டினார்கள். சிலர் ஏமாற்றிவிட்டதாகக் கத்தினார்கள். நிறுவனத்துக்காரர் சட்டம் போட்ட பட்டச் சான்றிதழை ஒரு துணியில் சுற்றி உள்ளே எடுத்துப்போனார். வெளியே வரும்போது ஒருவர், "உங்க பையன் பேரை நீங்களே கெடுத்துட்டீங்களே பெரியவரே," என்றார். "என் பையன் பேரு என் வீட்டுல பத்திரமா இருக்கு," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மூச்சோடு கூடிய புதிய பதிப்பு வெளிவந்தது. அதைக் கேட்பவர்கள் குறைவு. விற்றுப்போன பொருள் தெருவெங்கும் இறைந்து கிடக்கும்போது அதைத் திரும்ப அழைக்க யாராலும் முடியாது. சலூனிலும் பேருந்திலும் இன்னும் பழையதுதான் ஓடுகிறது.

மகள் மேடைக்குத் திரும்பிவிட்டாள். சென்ற வாரம் ஒரு நிலைக்கண்ணாடி ஏலத்துக்கு வந்தது. அவள் கூற ஆரம்பித்த நேரத்தில் தேநீர்க் கடையில் பாட்டைப் போட்டார்கள், மூச்சில்லாத பாட்டை. என் மனைவி சொல்லி அனுப்பியிருந்ததால் பீரங்கி பாய்ந்து போய் நிறுத்தச் சொல்லக் கிளம்பினான்.

"எங்கே ஓடுறே?" என்று மேடையிலிருந்தே அதட்டினாள் மகள். "கண்ணாடியைப் பிடி! அது உடைஞ்சா உன் மூஞ்சியை நீ எதுலதான் பார்ப்பே?"

"என் மூஞ்சியைப் பார்த்துத்தான் கண்ணாடிங்க உடையுது," என்றான் அவன். கூட்டம் சிரித்தது. அவள் பாட்டைத் தாண்டிக் குரலை உயர்த்தினாள். ஓரத்தில் ரசம் போயிருப்பதைச் சொன்னாள், சட்டத்தில் பூச்சி அரித்திருப்பதைச் சொன்னாள், நடுவில் நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு விலை கேட்டாள். பாட்டு கடைசிப் பகுதிக்கு வந்ததும், ஓடி முடிந்ததும் அவளுக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

நான் வழக்கம்போல ஓரத்து நாற்காலியில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தேன். ஏலம் எடுத்தவரிடம் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வந்த பீரங்கி என் முன்னால் குனிந்தான்.

"ஐயா? என்ன ஆச்சு? முகமெல்லாம் கறுத்துப்போச்சே?"

"ஒண்ணுமில்ல, வேலையைப் பாரு" என்று சொல்ல நினைத்தேன். சொல்வதற்கு முதலில் மூச்சை விட வேண்டியிருந்தது.